பெயரைத் தவிர எல்லாம்

1957 டிசம்பர் 23, காலை நாலே முக்கால் மணி. கதவைத் திறந்ததும் முதலில் கண்டது வெறும் மூங்கில் கம்பு. அதன் உச்சியில் ஒரு வாரமாகத் தொங்கிக்கொண்டிருந்த கிறிஸ்மஸ் நட்சத்திரத்தைக் காணவில்லை. கீழே பார்த்தேன். நட்சத்திரம் படியோரமாகச் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் காகித வால்கள் கிழியாமல் உள்ளே மடிக்கப்பட்டிருந்தன. காற்றில் சரியாமல் இருக்க ஒரு செங்கல்லை அண்டக் கொடுத்திருந்தார்கள். உள்ளே எரிந்த பல்பைக் கழற்றிப் பக்கத்து மணலில் பாதி புதைத்திருந்தார்கள். கம்பி சுருட்டப்பட்டு மூங்கிலில் கட்டப்பட்டிருந்தது. கோபத்தில் வந்தவன் பல்பைக் கழற்றி வைக்கமாட்டான். விளையாட்டுக்கு வந்தவன் செங்கல் தேடமாட்டான். இரண்டு விளக்கமும் பொருந்தாததால்தான் எனக்குப் பயம் வந்தது.

அப்போது நான் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே மேலகரத்தில், போதகர் வீட்டு வளவில் ஓர் அறையில் இருந்தேன். வயது இருபத்துநான்கு. யாழ்ப்பாணத்துச் சிறிய மிஷன் ஒன்று இரண்டு ஆண்டு ஊழியத்துக்கு என்னை அனுப்பியிருந்தது. பிற நாட்டில் நான் கழித்த முதல் கிறிஸ்மஸ் விடுமுறை அது. செங்கல்லைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே தெருவில் மார்கழிப் பஜனைக் கூட்டம் வந்தது. முன்னால் ஒருவர் பித்தளை விளக்கை ஏந்தி நடப்பார். பின்னால் ஜால்ராவும் மிருதங்கமும், தலையில் துண்டு கட்டிய பதினைந்து பேரும் வருவார்கள். யாழ்ப்பாணத்தில் நாமும் மார்கழி விடியலில் சங்கும் சேமக்கல மணியும் கேட்டு வளர்ந்தவர்கள்தான். கிறிஸ்தவ வீட்டில் பிறந்த எனக்கும் டிசம்பர் அந்தச் சத்தத்தோடுதான் தொடங்கும். ஆகவே பஜனை எனக்குப் புதிதல்ல. முந்தைய விடியல்களிலெல்லாம் விளக்கு ஏந்தியவர் எங்கள் வாசலைக் கடக்கையில் ஒரு கணம் நட்சத்திரத்தை நிமிர்ந்து பார்ப்பார். அன்று பார்க்கவில்லை. அங்கே பார்க்க ஒன்றுமில்லை என்பது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது.

அவரைச் சங்கரலிங்கம் என்று இங்கே அழைக்கிறேன். பெயரையும் ஊரையும் இன்னும் ஒன்றிரண்டு விவரங்களையும் இந்தத் தடவை மாற்றியிருக்கிறேன். முதல் தடவை மாற்றவில்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஊழியத்துக்கு வருமுன் மூன்று ஆண்டு யாழ்ப்பாணத்தில் ஒரு செய்தித்தாளில் வேலை பார்த்தேன். முதலில் அச்சுப்பிழை திருத்தினேன், பிறகு உள்ளூர்ச் செய்தி எழுதினேன். அங்கே எனக்குச் சொல்லித் தந்த விதி ஒன்று உண்டு. பெயர் சொல்ல முடியாத ஆளைப் பற்றி எழுதினால், அவரிடம் கண்ணால் கண்ட இரண்டு அடையாளங்களாவது கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வாசிப்பவன் நம்பமாட்டான். மிஷனின் மாத இதழுக்கு ஒவ்வொரு மாதமும் நான் ஒரு கடிதம் எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த விதியையும் என்னோடு கப்பலில் கொண்டு வந்தேன்.

தலைமன்னாரில் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கி, விருதுநகரில் வண்டி மாறி ஜூன் மாதம் தென்காசி வந்து சேர்ந்தேன். நான்காம் நாள் தங்குவதற்கான அனுமதிக்கு ஒரு தாள் நிரப்ப வேண்டியிருந்தது. அதில் கடைசிக்கு முந்தைய கேள்வி: உள்ளூரில் உம்மை அறிந்த இருவரின் பெயர்கள். வந்து நான்கு நாள் ஆன என்னை யாரும் அறியார். போதகர் ஞானமுத்து தன் பெயரையும் பள்ளித் தலைமையாசிரியர் பெயரையும் எழுதச் சொன்னார். தலைமையாசிரியரை நான் அதற்கு முன் கண்டதுகூட இல்லை. தேநீர்க் கடையில் "தேத்தண்ணி ஒன்று தாருங்கோ" என்றபோது கடைக்காரர், "செங்கோட்டைக்கு அங்கிட்டா? மலையாளமா?" என்று கேட்டார். யாழ்ப்பாணம் என்றேன். அவர் உள்ளே திரும்பி, "கொழும்புக்காரருக்கு ஒரு டீ" என்றார். அன்றிலிருந்து நான் கொழும்பு ஐயா. கொழும்பில் நான் வாழ்நாளில் தங்கியது ஒன்பது நாள்.

ஆடி மாதம் குற்றாலத்தில் சாரல் காலம். அருவிக்குப் போகும் சாலையில் கூட்டம் நெரியும். அங்கே ஓர் ஓரத்தில் நின்று நாங்கள் வேதப்பகுதி வாசிப்போம். ஒருநாள் நான் வாசித்தது, ஒருவனுடைய துன்பத்துக்கு யார் செய்த பாவம் காரணம் என்று கேட்டவர்களுக்கு, யாருடையதும் அல்ல என்று பதில் கிடைக்கும் பகுதி. தலையில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போய்க்கொண்டிருந்த ஒருவர் நின்று கேட்டார். மறுபடியும் வாசிக்கச் சொன்னார். எண்ணெய் வழிந்து கண்ணில் இறங்கியதை அவர் துடைக்கவில்லை. அவர்தான் சங்கரலிங்கம். முப்பத்திரண்டு வயது. மேலகரத்தில் வயலும் தோப்பும் உள்ள குடும்பத்தின் இளையவர். முந்தின ஆண்டு அவருடைய மூன்று வயது மகள் காய்ச்சலில் இறந்திருந்தாள். இறந்த வீட்டுக்கு வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொன்னார்களாம். செலுத்தாத நேர்த்திக்கடன் என்றார் ஒருவர். தாயின் ஜாதகம் என்றார் இன்னொருவர்.

அதன்பின் செவ்வாய்க்கிழமை தோறும் போதகர் வீட்டு மாட்டுக்கு ஒரு கட்டு வைக்கோல் வந்தது. சங்கரலிங்கமே தலையில் சுமந்து பின்வாசல் வழியாக வருவார். தொழுவத்தில் கட்டைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அரைமணி நேரம் வாசிப்பார். அவர் வாசிக்கும் புத்தகம் போதகர் வீட்டு அரிசிப் பானைக்குப் பின்னால் இருக்கும். அவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அப்படி வருகிறவர்களைப் பற்றி அந்தச் சபையில் யாரும் யாரிடமும் பேசுவதில்லை. இது எல்லோருக்கும் தெரிந்த ஒழுங்கு. அதனாலேயே எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு மாடு தின்ன முடியாத அளவுக்கு வைக்கோல் சேர்ந்தது. போதகரம்மா சிரித்துக்கொண்டே, "மாட்டுக்கு ஒடம்பு ஊதிரும் போலிருக்கு" என்பார்.

அக்டோபரில் நான் எழுதிய கடிதம் நவம்பர் இதழில் வந்தது. தலைப்பு: 'மேலகரத்தில் ஒரு தேடல்.' நிலபுலன் உள்ள குடும்பத்தின் இளையவர், மார்கழிப் பஜனையில் முன்விளக்கு எடுக்கும் உரிமை பெற்றவர், இடது கைச் சுண்டுவிரலில் நுனிக் கணு இல்லாதவர், செவ்வாய்க்கிழமை தோறும் இரகசியமாக வந்து வேதம் வாசிக்கிறார், மனம் திரும்பும் தறுவாயில் இருக்கிறார் என்று எழுதியிருந்தேன். பெயரைத் தவிர எல்லாவற்றையும் எழுதியிருந்தேன். நல்ல கடிதம் என்று ஆசிரியர் தனியாக ஒரு வரி போட்டிருந்தார்.

டிசம்பர் 23க்குத் திரும்புகிறேன். காலை ஒன்பது மணிக்குச் சங்கரலிங்கத்தின் அண்ணன் சிவசுப்பு வந்தார். ஐம்பதை நெருங்கியவர். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. மடியிலிருந்து மடித்த இதழ் ஒன்றை எடுத்தார்.

"கொழும்பு ஐயா நீங்கதானே?"

"ஓம்."

"இதைக் கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்க. நான் கண்ணாடி கொண்டு வரலை."

அவருடைய சட்டைப் பையில் கண்ணாடிக் கூடு தெரிந்தது. நான் எழுதியதை நானே உரக்க வாசிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். வாசித்தேன். சுண்டுவிரல் வந்த இடத்தில் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"இந்த ஊருல அப்பிடி எத்தனை பேரு இருக்காவ?"

"நான் பேர் போடேல்லை" என்றேன்.

"பேரு போடலைதான். காணாமப் போன மாட்டை நாங்க பேரு சொல்லியா தேடுதோம்? சூட்டுக்குறியச் சொல்லித்தானே தேடுதோம்."

கொழும்பு புறக்கோட்டையில் ஒரு கடையில் வேலை பார்க்கும் மேலகரத்துக்காரர் ஒருவர் விடுப்பில் வந்திருந்தார். கடைக்கு வந்த யாரோ விட்டுப்போன இதழில் தன் ஊர்ப் பெயரைக் கண்டு, மகிழ்ச்சியில் இன்னொரு பிரதியும் தேடி வாங்கியிருக்கிறார். ஒன்று தன் வீட்டுக்கு, மற்றது சிவகிரியில் இருக்கும் தன் மைத்துனருக்கு. "நம்ம ஊரு கொழும்புப் புஸ்தகத்துல வந்திருக்குன்னு பெருமையா கொண்டாந்திருக்கான், மடப்பய" என்றார் சிவசுப்பு. சிவகிரிதான் அவர்களுடைய தங்கை செண்பகத்துக்கு மாப்பிள்ளை பார்த்திருந்த ஊர்.

"என்னை என்ன செய்யச் சொல்லுறியள்?"

"செம்பகத்துக்கு இருவத்தாறு முடியப் போவுது. ரெண்டு எடம் தட்டிப் போச்சு. இது மூணாவது. கார்த்திகையில நிச்சயம் பண்ணியாச்சு. தையில கல்யாணம். இப்ப மாப்பிள்ளைக்கு அப்பா வெள்ளிக்கிழமை வாரேன்னு ஆள் விட்டிருக்காரு. மார்கழியில எவனும் நல்ல காரியத்துக்கு வரமாட்டான் ஐயா. முறிக்கதுக்குத்தான் மாசம் பாக்க வேண்டாம். நீங்க வந்து, இதுல எளுதினது எந்தம்பி இல்லைன்னு அவருக்கிட்ட சொல்லணும்."

நான் நட்சத்திரத்தைக் காட்டி, அதை இறக்கியது யார் என்று கேட்டேன்.

"அவந்தான். நாலு பயலுவ அதை மிதிக்கணும்னு நிக்கானுவ. அவனுவ கை வைக்கதுக்கு முந்தி நானே எறக்கிருதேம்னு வெளக்கக் கொளுத்தப் போறதுக்கு முன்னால வந்துட்டான்." எழுந்தவர் படியில் நின்று திரும்பினார். "நீங்க நாளைக்கே கப்பலேறிப் போயிருவீங்க. இதைப் படிச்சவங்களும் அங்கன இருக்காங்க. நாங்கதான் இங்கன கெடக்கோம்."

போதகரிடம் போனேன். அவர் என் பிரதியை வாசித்து மூடி வைத்தார். "இருவது வருசமா வெள்ளைக்காரத் துரைமாருகிட்ட வேலை பாத்திருக்கேன் தம்பி. இங்க உள்ள ஆளுகளப் பத்தி அவங்க ஊருல என்னென்னமோ அச்சடிச்சாவ. படம்கூட போட்டாவ. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலை. ஏன்னா அது இங்கிலீசு. நீங்க தமிழ்ல எளுதிப்புட்டீங்களே" என்றார். நான் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டேன். "பொய் சொல்லுங்கன்னு ஒரு போதகன் எப்படிச் சொல்லுவான். உண்மையச் சொல்லுங்கன்னு சொல்லவும் வாய் வரலை. எளுதுறதுக்கு முன்னாடி என்னைக் கேட்டிருக்கலாம். இப்பக் கேக்காதீங்க."

அந்தக் கிறிஸ்மஸை வரிசையாகச் சொல்கிறேன். இருபத்துநான்காம் தேதி செவ்வாய்க்கிழமை. வைக்கோல் கட்டு வந்தது. ஆள் வரவில்லை. கட்டு பின்வாசல் படியில் கிடந்தது. மாலையில் பாட்டுப் பவனி போனோம். வழக்கமாகப் போகும் இரண்டு தெருக்களைப் போதகர் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டார். எதிர்ச்சாரியில் நான்கு இளைஞர்கள் சைக்கிள்களைப் பிடித்துக்கொண்டு எங்களோடு ஒத்த வேகத்தில் நடந்தார்கள். கிறிஸ்மஸ் அன்று ஆராதனை முடிந்ததும் வீட்டுக்கு வீடு அச்சுமுறுக்கும் முந்திரிக்கொத்தும் மூடிய தட்டுகளில் எனக்கு வந்தன. தட்டைக் கொடுத்தவர்கள் உடனே திரும்பிவிட்டார்கள். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. எங்கள் ஊரில் என்றால் மூன்று பேராவது வந்து முகத்துக்கு நேரே ஏசியிருப்பார்கள், நானும் பதில் சொல்லியிருப்பேன். அம்மாவின் கடிதம் அன்றைக்குப் பார்த்து வந்தது. என் நவம்பர் கடிதத்தை ஊரில் ஆராதனை முடிந்ததும் கோயிலில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார்களாம். விரல் இல்லாத அந்த மனிதருக்காக மாதர் சங்கம் புதன்கிழமைகளில் ஜெபிக்கிறதாம்.

இருபத்தாறாம் தேதி மத்தியானம் பள்ளிப் பையன் ஒருவன் வந்து, ஒருவர் என்னை அருவிக்கு வரச் சொன்னதாகச் சொன்னான். யார் என்று சொல்லவில்லை. குற்றாலத்துக்கு நடந்தேன். மேற்கே மழை பெய்திருந்தது. பெரிய அருவி கலங்கிய நிறத்தில் முழு அகலத்துக்கும் விழுந்துகொண்டிருந்தது. சபரிமலைக்குப் போகிற சாமிமார் கறுப்பு வேட்டியில் வரிசையாக நின்று குளித்தார்கள். அருவிக்குப் பக்கத்தில் பாறையோரம் சங்கரலிங்கம் ஈரத்தோடு நின்றார். அங்கே ஒருவர் பேசுவது இரண்டடி தள்ளி நிற்பவருக்குக் கேட்காது. அந்த இடத்தை அவர் அதற்காகத்தான் தேர்ந்திருந்தார். மன்னிக்க வேண்டும் என்று சொல்லத் தொடங்கினேன். அவர் என் காதருகே குனிந்தார்.

"பேரு போடலைன்னீங்களாம். பேரப் போட்டிருந்தா நல்லாருந்திருக்கும் சார்வாள். எம்பேரு ஊருல நாலு பேருக்கு இருக்கு. வெரலு எனக்கு மட்டுந்தான்."

அதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"நாளைக்கு நான் என்ன சொல்ல வேணும்?"

"அதை நான் சொல்ல மாட்டேன். நீங்க உள்ளதைச் சொன்னா, நான் ஆமான்னு சொல்லிருவேன். எனக்கு அதுல ஒண்ணுமில்லை. இந்த வெளக்கு போகும், வயல்ல பங்கு போகும், போகட்டும்." முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்தார். "செம்பகம் எம்புள்ளையத் தூக்கி வளத்தா. சாகும்போதும் அவ மடியிலதான் கெடந்துச்சு."

இவ்வளவுதான் பேசினோம். அவர் மறுபடி அருவிக்குள் போனார். சாமிமாரின் கறுப்புக்கு நடுவே அவருடைய வெள்ளை வேட்டியைச் சிறிது நேரம் பார்க்க முடிந்தது.

திரும்பி நடந்த இரண்டு மைலில் நான் யோசித்தது என்ன என்று பலமுறை நினைவுபடுத்திப் பார்த்திருக்கிறேன். ஊழியக்காரன் எதை இழக்கலாம், எதை இழக்கக்கூடாது என்று எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். உயிரை இழக்கலாம் என்றார்கள். வேறு ஒருவருடைய தங்கையின் கல்யாணத்தை இழக்கலாமா என்று யாரும் சொல்லவில்லை. அவர் உண்மையை ஒப்புக்கொள்ளத் தயாராக இருந்தார். நான் ஒரு சொல் சொன்னால் போதும், என் நவம்பர் கடிதம் முழுவதும் மெய்யாகிவிடும். ஜனவரி இதழுக்கு அதைவிட நல்ல கடிதமும் கிடைக்கும். அந்த நினைப்பும் எனக்கு வந்தது. மறைக்க விரும்பவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி. சிவசுப்புவின் வீட்டு முற்றத்தில் கல்யாணத்துக்கு இட்ட வடகம் வெள்ளைத் துணியில் காய்ந்துகொண்டிருந்தது. பெஞ்சில் மாப்பிள்ளையின் தந்தை உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்ற போலீஸ் ஏட்டு. எல்லோரும் அவரை ஏட்டையா என்றே அழைத்தார்கள். முறுக்கிய மீசை, துவைத்துப் பெட்டி போட்ட சட்டை. முழங்காலில் அந்த இதழ். எனக்கு நாற்காலி போட்டார்கள். செண்பகம் ஒரு செம்பில் மோர் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு, உள்ளே போகாமல், வடகத்தைத் திருப்பிப் போடக் குனிந்தாள்.

"இதை எளுதினது நீருதானா?"

"ஓம், நான்தான்."

"இதுல உள்ள ஆளு யாரு?"

"அதைச் சொல்ல மாட்டன்."

"சொல்ல வேண்டாம். நான் ஆளைக் காட்டுதேன்." உள்ளே பார்த்து, "ஏலே சங்கரலிங்கம், இங்கன வா" என்றார். சங்கரலிங்கம் வந்து தூணோரம் நின்றார். கைகளை மறைக்கவில்லை.

"இவனைத் தெரியுமா உமக்கு?"

"தெரியாது" என்றேன்.

"போதகர் வீட்டுக்கு வைக்கோல் போடுதான்னு சொல்லுதாவளே. நீரு அங்கனதானே இருக்கீரு?"

"வைக்கோல் வாறது. ஆர் கொண்டு வாறதெண்டு நான் பார்க்கிறேல்லை."

"வெரலப் பாத்தீரா?"

"இப்பதான் பார்க்கிறன்."

சங்கரலிங்கம் என்னைப் பார்க்கவில்லை. அவர் கண் வடகத்தின் மேல் இருந்தது. செண்பகம் திருப்பிக்கொண்டிருந்த கை நின்றிருந்தது.

ஏட்டையா இதழை நான்காக மடித்தார். "முப்பது வருசம் சாச்சி விசாரிச்சவன் நான். எந்தச் சாச்சி எப்பிடிப் பேசுவான்னு எனக்குத் தெரியும்" என்றார். சிவசுப்பு துண்டை எடுத்துத் தோளை மாற்றிப் போட்டார். "இவரு சொல்லை நான் எடுத்துக்கிடுதேன். ஆனா வாய்ச்சொல்லு எங்க ஊருல நிக்காது. அச்சுல வந்தது அச்சுலயே மாறணும். எவனாச்சும் கேட்டா நான் காட்டதுக்கு ஒரு தாளு வேணும். தை பொறந்து பதினஞ்சு நாளைக்குள்ள எங்கையில இருக்கணும்."

"வரும்" என்றேன்.

எழுந்தபோது செண்பகம் நிமிர்ந்தாள். "கொழும்பு ஐயா, மோரைக் குடிச்சிட்டுப் போங்க. இம்புட்டுப் பேசினதுக்குத் தொண்டை காஞ்சிருக்கும்" என்றாள். அண்ணன் அவளை அதட்டவில்லை. நின்றபடியே குடித்தேன். உப்பு சரியாக இருந்தது.

அன்று மாலையே மறுப்பு எழுதினேன். நவம்பர் இதழில் மேலகரம் பற்றி வந்த கடிதம் உண்மைக்குப் புறம்பானது, அதில் கண்டபடி ஒருவர் இல்லை, அதை எழுதியதற்காக வருந்துகிறேன் என்று மூன்று வரி. செய்தித்தாளில் இருந்த காலத்தில் மற்றவர்கள் எழுதிய மறுப்புகளை நான் திருத்தியிருக்கிறேன். சொற்கள் எனக்குப் பழக்கம். பொய்ச் செய்திக்கு உண்மையான மறுப்பு எழுதித்தான் பழக்கம். இது மறுபக்கம். ஆசிரியருக்குத் தனிக் கடிதம் எழுதி விளக்கலாமா என்று யோசித்தேன். அந்தக் கடிதத்தை எத்தனை பேர் வாசிப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. எழுதவில்லை.

ஜனவரி இதழில் மறுப்பு வந்தது. தை கடைசியில் கல்யாணம் நடந்தது. போதகருக்கு அழைப்பு வந்தது, எனக்கு வரவில்லை. மார்ச்சில் மிஷன் கமிட்டியின் கடிதம் வந்தது. ஊழியத்தைப் பற்றிப் பொய் எழுதிய ஒருவரை வைத்திருக்க இயலாது என்று மரியாதையான மொழியில் எழுதியிருந்தார்கள். நான் கமிட்டியில் இருந்திருந்தாலும் அதையே எழுதியிருப்பேன். ஊர் திரும்பக் கப்பல் செலவும் அனுப்பியிருந்தார்கள். அதைத் திருப்பி அனுப்பினேன். கோயிலில் வாசிக்கப்பட்ட கடிதம், புதன்கிழமை ஜெபம், அம்மா உட்காரும் பெஞ்சு, இவற்றுக்கு நடுவே போய் நிற்க எனக்குத் துணிவில்லை. போதகர் தென்காசியில் ஒரு பள்ளியில் தமிழ் வாத்தியார் வேலை வாங்கித் தந்தார். யாழ்ப்பாணத்துக்காரன் சொல்லும் தமிழ் நல்ல தமிழ் என்று அங்கே ஒரு நம்பிக்கை இருந்தது.

இப்படித்தான் நான் இந்த ஊர்க்காரன் ஆனேன். புலம்பெயர்ந்தவர்கள் எழுதும்போது வேலைக்காக வந்தேன், படிப்புக்காக வந்தேன் என்பார்கள். நான் ஒரு பொய்யைக் காப்பாற்றுவதற்காகத் தங்கினேன். ஊரில் போய் நின்றால் என்றாவது ஒருநாள் யாரிடமாவது உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று தெரியும். இங்கே கேட்பவர்கள் இல்லை. தெரிந்தவர்கள் அனைவருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. அந்த ஒழுங்கை நானும் கற்றுக்கொண்டேன்.

அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். மறுப்பு வந்த மாதம் எனக்கு ஒரே வரியில் கடிதம் எழுதினார். "இரண்டில் எது பொய் என்று மட்டும் எழுது." பதில் எழுத ஆறு தடவை உட்கார்ந்தேன். அப்பாவுக்கு வரும் கடிதத்தை அம்மா வாசிப்பாள், அம்மா மாதர் சங்கத்தில் சொல்வாள், கொழும்புக் கடைகளில் தென்காசிக்காரர்கள் நிறைய இருக்கிறார்கள். 1963இல் அப்பா இறந்தார். மறு ஆண்டு டிசம்பரில் கடல் தனுஷ்கோடியைக் கொண்டுபோயிற்று. நான் வந்து இறங்கிய துறை இப்போது இல்லை.

அந்த மாத இதழும் நின்றுவிட்டது. அதன் வாசகர்களில் பலர் இந்த இதழையும் வாசிப்பதாக அறிகிறேன். சிவசுப்பு சென்ற ஆண்டு காலமானார். செண்பகத்துக்கு மூன்று பிள்ளைகள். அவள் கணவர் வடக்கே இராணுவத்தில் இருக்கிறார். ஏட்டையாவும் இல்லை. இதை எழுதுமுன் போதகர் மூலம் சங்கரலிங்கத்திடம் கேட்டனுப்பினேன். "பேர மாத்திக்கிடச் சொல்லுங்க. வெரலையும்" என்று பதில் வந்தது. மாற்றிவிட்டேன். அவருக்கு எந்த விரலில் எவ்வளவு இல்லை என்பதை இதிலிருந்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. அவர் இன்றும் மார்கழியில் விளக்கு எடுக்கிறார். போதகர் வீட்டுக்குச் செவ்வாய்க்கிழமை வைக்கோல் பல ஆண்டு வந்தது. மாட்டை விற்ற பிறகும் இரண்டு வாரம் வந்தது. தென்காசிக் கடைத்தெருவில் நானும் அவரும் எதிர்ப்படுவதுண்டு. இருவரும் நிற்பதில்லை.

அப்பா, இரண்டாவது பொய்.

நான் இன்னும் இலங்கைக் கடவுச்சீட்டில்தான் இருக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் கிறிஸ்மஸ் விடுமுறையில் திருநெல்வேலிக்குப் போய், தங்குவதற்கான அனுமதியை நீட்டிக்க அதே தாளை நிரப்புகிறேன். கடைசிக்கு முந்தைய கேள்வி மாறவில்லை. உள்ளூரில் உம்மை அறிந்த இருவரின் பெயர்கள். பத்து ஆண்டுகளில் இருபது பெயர்கள் எழுதியிருக்கிறேன். சங்கரலிங்கத்தின் பெயர் அவற்றில் இல்லை.